குளிர்கால ஸ்வெட்டர் புத்தகம்... நம்ம ஊர்க் குழந்தைக்குப் பொருந்துமா?



கார்த்திகை பிறந்தால் எங்கள் விருத்தாசலத்தில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். ஒன்று, பீங்கான் அகல் விளக்குகள் பெட்டி பெட்டியாக வெளியூருக்குக் கிளம்பும். இன்னொன்று, வீட்டுப் பரணிலிருந்து ஸ்வெட்டர், மப்ளர், மங்கி கேப் எல்லாம் வரிசையாகக் கீழே இறங்கும். "பனி ஆரம்பிச்சிடுச்சி, புள்ள காதை மூடுங்க" என்று தெருவுக்கு நாலு பாட்டிமார் குரல் கொடுப்பார்கள். அந்தப் பாட்டிமாரில் நானும் ஒருத்திதான். அதனால் இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. என் கையால் நடந்த ஒரு தப்பைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு அக்காவின் மகள் சண்டிகரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். வரும்போதே கையில் ஒரு தடிமனான புத்தகம். வழவழ காகிதத்தில், ரோஜாப்பூப் போன்ற குழந்தைகள் கம்பளிக் கோட்டு போட்டுச் சிரிக்கிற குளிர்காலப் பின்னல் டிசைன் தொகுப்பு. வடக்கே குளிர் சீஸன் வந்தால் பத்திரிகைகள் இப்படிப் பின்னல் சிறப்பிதழ் போடுவது வழக்கம். "பெரியம்மா, உங்களுக்குத்தான் பின்னத் தெரியுமே... பாப்பாவுக்கு ஒரு செட் போட்டுக் குடுங்களேன்" என்றாள். மாட்டேன் என்று சொல்ல மனசு வருமா?

பதினெட்டு நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து பின்னினேன். குல்லாய், முழுக்கைக் கோட்டு, காலுறை, போர்வை. நாலும் நல்ல மஞ்சள் நிறத்தில், பார்க்கிறவர்கள் கண்ணுபடுகிற மாதிரி! மார்கழியில் குழந்தை பிறந்தது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அக்கா பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "புள்ள பால் குடிக்கலைங்க. மூஞ்சி செவசெவன்னு இருக்கு. மூச்சு வாங்குது."

நான் போய்ப் பார்க்கும்போது குழந்தை நாலு உருப்படியையும் போட்டுக்கொண்டு, ஜன்னல் சாத்திய அறையில் படுத்திருந்தது. எங்க வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். முப்பது வருஷம் பீங்கான் சூளை பக்கத்தில் நின்றவர். குழந்தையின் பிடரியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம். "ஏம்மா, புள்ள வேகுது. மொதல்ல இதெல்லாம் உருவுங்க" என்றார்.

உருவினோம். அப்படியே டாக்டரிடம் ஓடினோம். போய்ச் சேர்வதற்குள் குழந்தை கொஞ்சம் தெளிந்துவிட்டது. அழுது, பாலும் குடித்தது. டாக்டர் முழுசாகப் பரிசோதித்துவிட்டு, கிருமித் தொற்று எதுவும் இல்லை, உடுப்பால் ஏறிய சூடுதான் என்றார். ஆனால், "இந்த வயசில் உடம்பு சுட்டால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே கூட்டி வந்தது சரி" என்றும் சொன்னார். அதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பும்போது எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "சூளையில எவ்வளவு சூடுன்னு அளந்து பாக்காம நாங்க ஒரு ஜாடியக்கூட வேக வைக்க மாட்டோம். நீங்க அளக்காமலே புள்ளையை மூடுறீங்க."

சுருக்கென்று தைத்தது. அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை பின்னுகிறவளாக இல்லை, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற டீச்சராக!

எந்த ஊருக்கு எழுதிய புத்தகம்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். டிசைன்கள் அழகு. கண்ணிக் கணக்கு தப்பில்லை. எந்த ஊசி, எத்தனை பந்து நூல் என்பதெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, கண்ணிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்ற அறிவுரையும் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் அதைச் செய்யாமல், மூணு மாசக் குழந்தைக்குப் பின்னியது மூணு வயசுப் பையனுக்குப் பொருந்தி நிற்கும்!

ஆனால் புத்தகம் முழுக்க ஒரே ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. இதைப் போடப்போகிற குழந்தை எந்த ஊரில் இருக்கிறது?

சண்டிகரில் மார்கழி ராத்திரி ஐந்தாறு டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். விருத்தாசலத்தில் அதே மார்கழி விடியற்காலையில் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மத்தியானம் பார்த்தால் முப்பதை எட்டிப் பிடிக்கும். அங்கே தேவை, இங்கே தண்டனை. புத்தகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது நாம்தான்.

சரி, உருப்படி உருப்படியாக மார்க் போடுவோமா?

குல்லாய்: நூற்றுக்கு 60

"அப்போ குல்லாயே கூடாதா?" என்று கேட்காதீர்கள். பிறந்த குழந்தைக்குக் குளிரும் ஆபத்துதான். உடம்போடு ஒப்பிட்டால் அதற்குத் தலை பெரிசு, சூடு அந்த வழியாகச் சீக்கிரம் வெளியேறும். நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. அக்குளில் வைத்து அளந்தால் 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பிறந்த முதல் சில மணி நேரத்தில் குல்லாய் அவசியம். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டாமல் இருப்பதும் இதற்காகத்தான்.

எடை குறைந்து பிறந்த குழந்தைக்குக் குல்லாய் இன்னும் முக்கியம். 1978-ல் தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனை ஒன்றில் ‘கங்காரு முறை’ பிறந்தது. குழந்தைக்குக் குல்லாய், காலுறை, நாப்கின் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்போடு மார்பாக அணைத்து வைக்கிற முறை. குறைமாதத்தில் பிறந்த, அல்லது இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சியில், பிறந்த உடனேயே இதை ஆரம்பித்ததால் சாவு எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எந்தக் கம்பளியும் தாயின் தோலுக்கு ஈடில்லை என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஆனால் நல்ல எடையோடு பிறந்து, வீட்டுக்குள் தூங்குகிற குழந்தைக்கு நாள் முழுக்கக் குல்லாய் மாட்டி வைப்பது வேறு கதை. சூடு வெளியேற வேண்டிய வழியை அடைத்துவிடுகிறோம். முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு வீட்டுக்குள் குல்லாய் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் சொன்னது. அது பனி கொட்டுகிற நாடு! நாம் விருத்தாசலத்தில் உட்கார்ந்து மூடுகிறோம்.

எப்படி அளப்பது? சுலபம். புறங்கையால் முதலில் வயிற்றைத் தொடுங்கள், பிறகு பாதத்தை. இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு கதகதப்பு, பாதம் ஜில் என்றால் இன்னொரு துணி போடுங்கள், அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஜில் என்றால் தாயின் மார்போடு வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். பிடரி வேர்த்து, முகம் சிவந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரே ஒரு துணி கூடுதல். அவ்வளவுதான் கணக்கு.

ஓட்டை ஓட்டையான லேஸ் போர்வை: 25

படத்தில் பார்த்தால் மல்லிகைப்பந்தல் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டைகளில் குழந்தையின் விரல் நுழைந்துகொள்ளும். காலுறைக்குள் தொங்குகிற பிசிறு நூலோ, தாயின் தலைமுடியோ கால்விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். குழந்தை ஏன் அழுகிறது என்று தெரியாமல் வயிற்றுவலி மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். காலுறை மாட்டும் முன் உள்பக்கம் வெளியே புரட்டிப் பார்த்து, பிசிறை வெட்டிவிடுங்கள். குழந்தை காரணமில்லாமல் வீறிட்டால் பத்துக் கால்விரலையும் பத்துக் கைவிரலையும் ஒருமுறை பாருங்கள். தூங்கும்போது தளர்ந்த போர்வை முகத்தின் மேல் ஏறுவதும் ஆபத்து. மூடியே தீர வேண்டுமென்றால் நெருக்கமாகப் பின்னியது, மார்புக்குக் கீழே மட்டும்.

கயிறு வைத்த தொப்பிக் கோட்டு: பூஜ்யம்

ரெண்டு வயசுப் பிள்ளைக்கு என்று போட்டிருக்கிற டிசைன். கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு, நுனியில் குஞ்சலம். பிள்ளை ஊஞ்சலிலோ ஜன்னல் கம்பியிலோ ஏறும்போது கயிறு மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குழந்தைகளின் மேல்கோட்டுத் தொப்பியில் கழுத்துக் கயிறு வேண்டாம் என்று அமெரிக்காவில் 1996-லேயே வழிகாட்டி வெளியிட்டார்கள். சின்னப் பொத்தானும் அப்படியே. பிய்ந்தால் நேரே வாய்க்குப் போகும். பெரிய பொத்தானாக, கெட்டியாகத் தைத்து, வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கைக்குழந்தைக்குப் பொத்தானே இல்லாத டிசைனே மேல்.

பரண் பெட்டி எச்சரிக்கை

இது புத்தகத்தில் இல்லாத பாடம். டாக்டர் அன்று கேட்ட ஒரு கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "புது நூலா, பெட்டியில இருந்து எடுத்ததா? அந்துருண்டை போட்டு வெச்சதா?"

நாப்தலின் உருண்டையைத்தான் அந்துருண்டை என்கிறோம். கம்பளிக்குப் பூச்சி வராது, சரி. ஆனால் ஜி-6-பி-டி என்கிற என்ஸைம் குறைவாகப் பிறந்த குழந்தைகள் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. அந்துருண்டை வாடை ஏறிய துணியைப் போட்டால் அந்தக் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை ஏறிவிடும். மிகவும் முற்றினால் மூளையைக்கூடப் பாதிக்கும். "அக்கா பையன் போட்ட ஸ்வெட்டர், ராசியானது" என்று பெட்டியைத் திறந்து அப்படியே மாட்டுகிற வழக்கம் நமக்கு உண்டே!

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் துணிப் பெட்டியில் அந்துருண்டை வேண்டாம். கம்பளியைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தாலே பூச்சி அண்டாது. வாடை வீசுகிற பழைய துணியைக் குழந்தைக்குப் போடவே போடாதீர்கள்.

அப்பாவுக்கு மப்ளர்: 50

விடியற்காலை ஸ்கூட்டரில் போகிறவர் கழுத்தில் சுற்றிக்கொள்ள நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் மப்ளருக்கு இன்னொரு வேலை கொடுத்துவிடுகிறார்கள். மண் அரைக்கிற இடத்தில், காய்ந்த மண்ணைப் பெருக்குகிற இடத்தில் மூக்கில் சுற்றிக்கொள்கிறார்கள். "தூசி வராதுங்க" என்கிறார்கள்.

வரும்! பீங்கான் மண்ணில் சிலிகா இருக்கிறது. நுரையீரலின் அடிவரை போகிற சிலிகாத் துகள், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பின்னலின் ஓட்டையோ கண்ணுக்குத் தெரிகிற அளவு. கொசுவலை போட்டு மாவு சலிக்கிற கதைதான். வருஷக்கணக்கில் அந்தத் தூசியைச் சுவாசித்தால் சிலிகோஸிஸ் வரும். அதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் துடைப்பது, தூசியை இழுக்கிற ஃபேன், என்-95 மாதிரியான முகமூடி, இவைதான் காப்பாற்றும். வேலை உடுப்பை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும். அன்பாகப் பின்னிக் கொடுத்த மப்ளர், பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய் நம்பிக்கையைக் கொடுத்துவிடக் கூடாது இல்லையா?

தாத்தாவுக்குக் காலுறை, முழங்கால் உறை: 70

முட்டிவலிக்காரர்களுக்கு முழங்கால் உறையின் கதகதப்பு இதமாக இருக்கும். தேய்மானத்தைச் சரிசெய்யாது, ஆனால் காலையில் எழுந்து நடக்க உதவும். காலுறையில்தான் கவனம் வேண்டும். சர்க்கரை வியாதிக்காரருக்கு மேல்விளிம்பு இறுக்கமாக இருந்து தடம் பதியக் கூடாது. உள்பக்கம் முடிச்சு, தையல் மேடு இருந்தால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண்ணாகும், அவருக்குத் தெரியவும் தெரியாது. வெளிர் நிறத்தில் பின்னுங்கள். ரத்தமோ சீழோ பட்டால் உடனே கண்ணில் படும்.

டீ கெட்டில் உறை: நூற்றுக்கு நூறு!

ஆமாம், கடைசிப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. சூட்டைப் பிடித்து வைக்க வேண்டிய இடம் கெட்டில்தானே தவிர, கைக்குழந்தை இல்லை!

நூலை மாற்றுங்கள், ஊசியை விடாதீர்கள்

கடையில் ‘உல்லன்’ என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். வேர்வையை உறிஞ்சாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கார்த்திகை தீபத்துக்கு வாசல் முழுக்க அகல் ஏற்றுகிற நாம், அன்றைக்குத்தான் பிள்ளைக்கு அதை மாட்டுகிறோம். சந்தேகமிருந்தால் ஒரு சிறு துண்டு நூலைப் பெரியவர்கள் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உருகிக் கெட்டி மணியானால் அக்ரிலிக் மாதிரியான செயற்கை நூல். முடி கருகுகிற வாடை வந்தால் கம்பளி. காகிதம்போல் எரிந்து சாம்பலானால் பருத்தி.

நமக்கு ஏற்றது பருத்தி. நம் பெண்களின் கைவேலை பேர் வாங்கியதும் அதில்தான். 19-ம் நூற்றாண்டில் நாகர்கோவிலிலும், கால்டுவெல்லின் மனைவி எலைசா மூலம் இடையன்குடியிலும் வேரூன்றிய லேஸ் வேலை கடல் கடந்து போனது. திருப்பூர் பனியனும் கண்ணி கண்ணியாகக் கோத்த பின்னல் துணிதான். அதே புத்தகத்தின் அதே டிசைனை மெல்லிய பருத்தி நூலில், கையில்லாத மேல்சட்டையாகப் போடுங்கள். நூல் மாறினால் அளவும் மாறும். பத்து சென்டிமீட்டர் சதுரத்தை மறக்காதீர்கள்.

பின்னுகிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. 2013-ல் பிரிட்டிஷ் ஆய்விதழ் ஒன்றில் வந்த சர்வேயில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களைக் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள், மனசு அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாக அதிகம் சொன்னார்கள். பின்னலைப் பிடித்தவர்களையே கேட்டது என்பதால் அதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் என் அனுபவமும் அதுதான். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து மணிக்கட்டையும் கழுத்தையும் உதறிவிடுங்கள். நாற்பது தாண்டியிருந்தால் கண்ணாடி நம்பரைப் பாருங்கள்.

"நம்ம வெயில் ஊருக்குப் பின்னல் எதுக்கு?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சேதி. 2016 ஜனவரி 31-ல் ‘மதர் இந்தியாஸ் க்ரோஷே குயின்ஸ்’ பெண்கள் சென்னையில் தங்கள் கைவேலைகளை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டரில் ஒரே போர்வையாக்கி கின்னஸ் சாதனை படைத்தார்கள். குளிர் இல்லாத ஊரில்! கைக்கு வேலை வேண்டும், மனசுக்கு ஒரு பிடிப்பு வேண்டும். அதற்குக் குளிர் எதற்கு?

மொத்தத்தில் புத்தகத்துக்கு என் மார்க் நூற்றுக்கு 50. வாங்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பின்னக் கூடாது.

எதிர்வீட்டுக் குழந்தை இப்போது தவழ்கிறது. அந்த மஞ்சள் கோட்டையும் போர்வையையும் பிரித்து நூலைச் சுற்றி எடுத்தேன். பதினெட்டு நாள் உழைப்பு, ஒரு மத்தியானத்தில் பந்தாகிவிட்டது. மனசு கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அந்த நூலில் தாத்தாவுக்கு முழங்கால் உறையும், கெட்டிலுக்கு ஒரு உறையும் போட்டாயிற்று. பாப்பாவுக்குப் பருத்தியில் கையில்லாத சட்டை ஒன்று ஊசியில் இருக்கிறது.

நீங்களும் இந்த மார்கழியில் பின்னுங்கள். பின்னி முடித்ததும் குழந்தைக்குப் போட்டு அழகு பாருங்கள். பத்து நிமிஷம் கழித்து, மறக்காமல், அதன் பிடரியைத் தொட்டும் பாருங்கள்.